சாப்பான் வீட்டார்

புத்தாண்டு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கையில் ஒரு சின்ன அட்டை தருவார்கள். வாக்குத்தத்த வசனம். அம்மா அதைக் காலண்டர் ஆணியில் செருகி வைப்பாள். டிசம்பர் வரை அது அங்கேயே மஞ்சளாகிக்கொண்டிருக்கும். எத்தனையோ வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்த வசனம் எரேமியா 29:11. அவர் நம்மேல் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்று சொல்லும் வசனம். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்த யாருக்கும் இது மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

அப்பா மட்டும் அட்டையோடு நிறுத்த மாட்டார். பைபிளை எடுத்து அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசிப்பார். அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதியது. "சரி, இந்தக் கடுதாசியக் கொண்டுபோனது யாரு?" என்று கேட்பார். சின்ன வயதில் எனக்கு அது வினாடி வினா மாதிரி. மூன்றாம் வசனத்தைப் பார்த்துப் பதில் சொல்வேன்: சாப்பானின் குமாரன் எலெயாசா, இல்க்கியாவின் குமாரன் கெமரியா. அப்பா தலையாட்டுவார். அவர் ஓர் அரசு அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். தபால் யார் கையில் போனது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்பதுதான் அவருக்கு வாழ்நாள் முழுக்க வேலை.

அந்தப் பெயரை நான் வெகுகாலம் மறந்திருந்தேன். அப்பா போன பிறகு எரேமியாவை முழுதாக, மெதுவாக வாசித்தபோதுதான் கவனித்தேன். சாப்பானின் மகன், சாப்பானின் பேரன் என்று அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. தீர்க்கதரிசிக்கு ஆபத்து வரும் இடங்களிலெல்லாம் அந்தக் குடும்பத்து ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கிறார். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றித்தான். ஆனால் அவர்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிய, தீர்க்கதரிசி என்றால் யார் என்பதிலிருந்து வர வேண்டும்.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் இருக்கின்றன. பழைய பைபிள் சொல்வது தீர்க்கதரிசி. தொலைவில் இருப்பதைக் காண்கிறவர். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு இறைவாக்கினர் என்கிறது. இஸ்லாமியர் நபி என்கிறார்கள். இந்த மூன்றாவது சொல்தான் மூலத்துக்கு மிகப் பக்கம். எபிரேயத்தில் நாவி, அரபியில் நபி. இரண்டும் ஒரே வேர்ச் சொற்கள். "அழைக்கப்பட்டவர்" என்பது அதன் முதற்பொருளாக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். தீர்க்கதரிசி என்ற சொல்லில் பிழையில்லை. ஆனால் அது நம் காதில் விழும்போது வருங்காலம் சொல்லும் ஆள் என்றே விழுகிறது. கன்வென்ஷன் பந்தல்களில் எசேக்கியேலையும் தானியேலையும் வைத்து அடுத்த யுத்தம் எங்கே என்று கணக்குப் போட்டதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். பிற்பாடு தீர்க்கதரிசிகளின் புத்தகங்களைத் தொடர்ந்து வாசித்தபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அவற்றில் பெரும்பகுதி அன்றைக்கு நடந்துகொண்டிருந்ததைப் பற்றியது. கள்ளத்தராசு, லஞ்சம் வாங்கும் நியாயாதிபதி, வீட்டோடு வீட்டைச் சேர்த்துக்கொள்ளும் பணக்காரன், கூலி கொடுக்காமல் அரண்மனை கட்டும் ராஜா.

வருங்காலம் சொல்கிறவர்களும் இஸ்ரவேலில் இருந்தார்கள், மறுக்க முடியாது. சவுல் தன் தகப்பனுடைய காணாமற்போன கழுதைகளைத் தேடிப் போகிறான். கிடைக்கவில்லை. கூட வந்த வேலைக்காரன், இந்த ஊரில் ஒரு தேவமனுஷன் இருக்கிறார், என் கையில் கால் சேக்கல் வெள்ளி இருக்கிறது, கொடுத்துக் கேட்போம் என்கிறான். அப்படித்தான் அவன் சாமுவேலிடம் போகிறான். முற்காலத்தில் தீர்க்கதரிசிக்கு ஞானதிருஷ்டிக்காரன் என்று பெயர் என அந்த இடத்திலேயே ஒரு குறிப்பும் இருக்கிறது. கழுதை காணாமற்போனால் போய்க் கேட்கிற ஆள். எல்லா நாட்டிலும் அப்படி ஒருவர் உண்டு.

ராஜாக்களுக்கும் அப்படி ஆட்கள் தேவைப்பட்டார்கள். இன்றைய சிரியாவில், யூப்ரடீஸ் கரையில் மாரி என்ற பழைய நகரம் இருந்தது. 1933-ல் தொடங்கிய அகழாய்வில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. கி.மு. 18-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் சில, தெய்வ வாக்கு உரைத்தவர்களைப் பற்றி அதிகாரிகள் சிம்ரிலிம் ராஜாவுக்கு அனுப்பிய கடிதங்கள். இன்ன ஆள் இன்ன கோயிலில் இப்படிச் சொன்னார் என்று எழுதிவிட்டு, அவருடைய தலைமுடியில் கொஞ்சத்தையும் ஆடை ஓரத்தில் ஒரு துண்டையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். ராஜா அதை வைத்துக் குறி பார்த்து, வாக்கு உண்மையா என்று சோதித்துக்கொள்வார். வாக்கைச் சரிபார்க்கும் உரிமை அரண்மனையிடம் இருந்தது.

இஸ்ரவேலிலும் அரண்மனைத் தீர்க்கதரிசிகள் கூட்டமாக இருந்தார்கள். 1 இராஜாக்கள் 22-ல், ராமோத்திலே யுத்தத்துக்குப் போகலாமா என்று இஸ்ரவேலின் ராஜா கேட்டபோது ஏறக்குறைய 400 பேர் ஒரே குரலில் போகலாம் என்கிறார்கள். ஒருவன் இரும்பில் கொம்பு செய்துகொண்டு வந்து, இப்படி முட்டுவீர் என்று காட்டுகிறான். யூதாவின் ராஜா யோசபாத் திருப்தியடையாமல், வேறு யாராவது உண்டா என்று கேட்கிறான். ஒருவன் இருக்கிறான், இம்லாவின் மகன் மிகாயா, ஆனால் எனக்கு அவனைப் பிடிக்காது, எனக்கு நல்லதே சொல்ல மாட்டான் என்று பதில் வருகிறது. இஸ்ரவேலர் எல்லாரும் மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல மலைகளில் சிதறிக் கிடப்பதைக் கண்டேன் என்று மிகாயா சொல்கிறான். கன்னத்தில் அறை வாங்குகிறான். இடுக்கத்தின் அப்பமும் இடுக்கத்தின் தண்ணீரும் கொடுத்துச் சிறையில் வைக்கச் சொல்கிறார்கள். ராஜா யுத்தத்துக்குப் போய் ரதத்திலேயே சாகிறான். மிகாயா சிறையிலிருந்து வெளியே வந்தானா? வேதம் அதைச் சொல்லவேயில்லை.

அந்த 400 பேர் பெயரில் ஒரு புத்தகமும் நம்மிடம் இல்லை. அத்தனை ஆட்கள், ராஜாவின் சம்பளம், ராஜாவின் மேடை, எல்லாம் இருந்தும் ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சியது அறை வாங்கியவனின் பேச்சு. இது எப்படி நடந்தது என்பதுதான் என்னைப் பல வருஷமாகப் பிடித்து வைத்திருக்கும் கேள்வி.

ஆமோஸை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமுக்குத் தெற்கே தெக்கோவா ஊர்க்காரர். ஆடுமாடு மேய்ப்பதும் காட்டத்திப்பழமும் அவர் தொழில். காட்டத்திக்காய் பழுக்க வேண்டுமென்றால் மரத்தில் ஏறி ஒவ்வொரு காயையும் கத்தியால் கீறிவிட வேண்டும். கீறின சில நாளில் இனிப்பாகும். அவர் தொழிலுக்கு எபிரேயத்தில் வரும் சொல் அந்த வேலையைத்தான் குறிக்கிறது என்று பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்களே புரிந்துகொண்டார்கள். இந்த மனிதர் தெற்கே இருந்த யூதாவின் எல்லை தாண்டி, வடக்கு ராஜ்யமான இஸ்ரவேலுக்குப் போய், ராஜாவின் கோயில் இருந்த பெத்தேலில் நின்று பேசுகிறார். காலம் இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சி, கி.மு. 8-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி. நாடு செழிப்பாக இருந்தது. தந்தக் கட்டில்களில் படுத்துக்கொண்டு கொழுத்த கன்றுகளைத் தின்கிறீர்கள் என்று ஆமோஸ் சொன்னது வெறும் அலங்காரப் பேச்சல்ல. 1930-களில் அந்த ராஜ்யத்தின் தலைநகரான சமாரியாவில் தோண்டியபோது மரச்சாமான்களில் பதித்த தந்தத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அந்தக் கட்டிலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் அவர் சொல்கிறார். மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, பதரைக் கோதுமை என்று விற்று, ஒரு ஜோடிச் செருப்புக்கு ஏழையை வாங்கினார்கள். கோயில் ஆசாரியன் அமத்சியா, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம், உன் ஊரில் போய்த் தீர்க்கதரிசனம் சொல்லிப் பிழைத்துக்கொள் என்று விரட்டுகிறான். நான் தீர்க்கதரிசியுமல்ல, தீர்க்கதரிசியின் மகனுமல்ல என்கிறார் ஆமோஸ். இதைப் பிழைப்பாகச் செய்கிறவன் நான் இல்லை என்று அர்த்தம்.

அப்புறம் என்ன? விரட்டப்பட்ட மேய்ப்பனின் பேச்சு பத்திரமாக எழுதப்பட்டு, ஏறக்குறைய முப்பது வருஷத்தில் சமாரியா அசீரியரிடம் விழுந்தபோது தெற்கே யூதாவில் இருந்திருக்கிறது. யார் எழுதினார்கள், எந்தப் பானையில் போட்டு மூடி வைத்தார்கள் என்று ஒரு பெயர்கூட இல்லை. ஏசாயா தன் சாட்சியத்தைக் கட்டி, சீடர்களுக்குள்ளே முத்திரை வைக்கும்படி சொல்வது எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. கட்டு, முத்திரை. அப்பாவின் அலுவலகச் சொற்கள்.

யூதர்களின் வேதத்தில் யோசுவா, நியாயாதிபதிகள், சாமுவேல், இராஜாக்கள் ஆகிய புத்தகங்களும் தீர்க்கதரிசிகள் என்ற பகுதியில்தான் வரும். நாம் சரித்திரம் என்று சொல்வதை அவர்கள் முந்தின தீர்க்கதரிசிகள் என்று அழைக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் பல விஷயம் விளங்கும். சமாரியாவைக் கட்டிய உம்ரி ராஜாவின் பெயராலேயே அசீரியர்கள் அந்த நாட்டை நூறு வருஷத்துக்கு மேல் குறிப்பிட்டார்கள். அவ்வளவு பெரிய ராஜாவுக்கு வேதம் கொடுத்த இடம் ஆறு வசனம். 41 வருஷம் ஆண்ட இரண்டாம் யெரொபெயாமுக்கு ஏழு. சாறிபாத்தில் ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும் வைத்திருந்த விதவையின் வீட்டுக்கு எலியா போன கதை அதைவிட நீளம். ராஜாவின் சரித்திரத்தைத் தீர்க்கதரிசியின் பக்கம் நின்று எழுதியிருக்கிறார்கள்.

இனி சாப்பானுக்கு வருவோம். கி.மு. 622. யூதாவின் ராஜா யோசியா, ஆலயத்தைப் பழுதுபார்க்கும் பணத்துக்குக் கணக்குப் பார்க்கச் சாப்பானை அனுப்புகிறான். நம் பழைய பைபிளில் சாப்பானின் உத்தியோகம் சம்பிரதி. கணக்கெழுதுகிறவருக்குத் தமிழில் இருந்த அந்தச் சொல்லை அப்பா வாய்நிறையச் சொல்வார். போன இடத்தில் பிரதான ஆசாரியன், ஆலயத்தில் நியாயப்பிரமாண புஸ்தகம் ஒன்றைக் கண்டெடுத்தேன் என்று கொடுக்கிறான். சாப்பான் திரும்பி வந்து முதலில் பணக்கணக்கைச் சொல்கிறார். பிறகுதான், ஆசாரியன் என்னிடம் ஒரு புஸ்தகம் தந்தான் என்று வாசிக்கிறார். எழுத்தர்கள் அப்படித்தான், வேலையை வரிசைப்படி சொல்வார்கள். கேட்ட யோசியா தன் ஆடையைக் கிழித்துக்கொள்கிறான். புத்தகம் சொல்வது உண்மையா என்று விசாரிக்க அனுப்பிய ஐந்து பேரில் சாப்பானும் இருக்கிறார், அவர் மகன் அகீக்காமும் இருக்கிறார். அவர்கள் போனது ஒரு பெண்ணிடம். வஸ்திரசாலை விசாரிப்புக்காரனின் மனைவி உல்தாள். எரேமியா அழைப்பு பெற்று ஐந்து வருஷம் ஆகியிருந்த நேரம் அது. ஆனாலும் அவர்கள் உல்தாளைத் தேடி எருசலேமின் இரண்டாம் பகுதிக்குப் போனார்கள். ஒரு புத்தகத்தை இது கர்த்தருடைய வார்த்தை என்று உறுதி செய்த முதல் ஆள், நமக்குத் தெரிந்தவரை, அந்த அம்மாள். பெண்கள் பிரசங்கிக்கலாமா என்று இன்னும் நம் சபைகளில் நடக்கும் சண்டையை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

யோசியா யுத்தத்தில் இறந்து, அவன் மகன் யோயாக்கீம் கி.மு. 609-ல் ராஜாவானான். அந்த ஆட்சியின் தொடக்கத்தில் எரேமியா ஆலயப் பிராகாரத்தில் நின்று, இந்த ஆலயம் சீலோவைப்போல ஆகும் என்றார். சீலோவில் முன்பு உடன்படிக்கைப் பெட்டி இருந்த ஸ்தலம் பாழாய்க் கிடந்தது. ஜனங்கள் அவரைப் பிடித்துக்கொண்டு, நீ சாகவே சாக வேண்டும் என்கிறார்கள். அப்போது நாட்டின் மூப்பர் சிலர் எழுந்து, நூறு வருஷத்துக்கு முன் மொரேசா ஊரான் மீகா இதையே சொல்லவில்லையா, சீயோன் வயலைப்போல உழப்படும் என்றானே, எசேக்கியா ராஜா அவனைக் கொன்றாரா என்று கேட்கிறார்கள். ஒரு தீர்க்கதரிசியின் புத்தகத்தில் இன்னொரு தீர்க்கதரிசியின் பெயரும் வாக்கும் இப்படி நேரடியாக எடுத்துச் சொல்லப்படுவது அபூர்வம். நாட்டுப்புறத்துப் பெரியவர்கள் நான்கு தலைமுறையாக அந்த வரியை மனதில் வைத்திருந்தார்கள், அது ஓர் உயிரைக் காக்க உதவியது.

அந்த அதிகாரம் அதோடு முடிந்திருந்தால் மனது லேசாக இருக்கும். ஆனால் உடனே இன்னொரு கதை வருகிறது. கீரியாத்யாரீம் ஊரான் உரியா என்ற தீர்க்கதரிசி, எரேமியா சொன்னதையே சொன்னான். பயந்து எகிப்துக்கு ஓடினான். ராஜா, அக்போரின் மகன் எல்நாத்தானை அனுப்பிப் பிடித்து வரச்செய்து, பட்டயத்தால் கொன்று, சாதாரண ஜனங்களின் பிரேதக்குழியில் போட்டான். அதற்கு அடுத்த வசனம்: சாப்பானின் மகன் அகீக்காம் எரேமியாவுக்குத் துணையாக இருந்ததால், அவரைக் கொல்ல ஜனங்கள் கையில் கொடுக்கப்படவில்லை. எரேமியாவுக்கும் உரியாவுக்கும் பேச்சில் வித்தியாசம் இல்லை. உரியாவுக்கு அகீக்காம் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது 36-ம் அதிகாரம். எரேமியாவுக்கு ஆலயத்துக்குள் போக வழியில்லை. அவர் சொல்லச் சொல்ல, நேரியாவின் மகன் பாருக் ஒரு சுருளில் எழுதுகிறார். கி.மு. 604, ஒன்பதாம் மாதம், எருசலேமில் உபவாச நாள். அதே மாதத்தில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கடலோர நகரமான அஸ்கலோன்மேல் படையெடுத்து அதை அழித்ததாக பாபிலோனியரின் வரலாற்றுப் பலகை சொல்கிறது. இரண்டு மூன்று நாள் நடை தூரம். ஊர் எந்த மனநிலையில் உபவாசம் இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பாருக் எங்கே நின்று வாசித்தார் என்று வசனம் அறை எண் வரை சொல்வதுபோலச் சொல்கிறது: ஆலயத்தின் மேல்பிராகாரத்தில், புதிய வாசலுக்குப் பக்கத்தில், சாப்பானின் மகன் கெமரியாவின் அறையில். ஆலயத்தில் நுழையத் தடைபட்ட ஒருவரின் வார்த்தையை வாசிக்கத் தன் அறையைத் திறந்துவிட்டிருக்கிறார் கெமரியா. அவர் மகன் மிகாயா அங்கே நின்று முழுவதும் கேட்டுவிட்டு, அரண்மனைச் சம்பிரதியின் அறைக்கு ஓடுகிறான். அங்கே பிரபுக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், கெமரியாவும் இருக்கிறார். பாருக்கை வரவழைத்து, உட்கார்ந்து வாசி என்கிறார்கள். வாசித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பிறகு, இதை எப்படி எழுதினாய், அவர் வாயாலா சொன்னார் என்று விசாரிக்கிறார்கள். அவர் சொன்னார், நான் மையினால் எழுதினேன் என்கிறார் பாருக். எபிரேய வேதம் முழுவதிலும் மை என்ற சொல் வரும் ஒரே இடம் அதுதான். நீயும் எரேமியாவும் போய் ஒளிந்துகொள்ளுங்கள், எங்கே என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அந்த அதிகாரிகளே சொல்லி அனுப்புகிறார்கள்.

ராஜா குளிர்கால வீட்டில் இருக்கிறான். முன்னால் கணப்பு மூட்டியிருக்கிறது. யெகுதி என்பவன் வாசிக்கிறான். மூன்று நான்கு பத்தி வாசித்ததும், ராஜா சம்பிரதியின் சூரிக்கத்தியால் அந்தப் பகுதியை அறுத்துக் கணப்பில் போடுகிறான். அடுத்த மூன்று நான்கு பத்தி. அறுப்பு. நெருப்பு. கடைசி வரை பொறுமையாக உட்கார்ந்து கேட்டிருக்கிறான், அதுதான் திகிலாக இருக்கிறது. அந்தக் கத்தி, சுருளை நேராக நறுக்கவும் எழுதுகோலைச் சீவவும் எழுத்தர்கள் வைத்திருப்பது. ராஜாவோ ஊழியக்காரரோ பயப்படவுமில்லை, ஆடைகளைக் கிழித்துக்கொள்ளவுமில்லை என்கிறது வசனம். மூலத்தில் ராஜா சுருளை அறுத்ததற்கும், ஆடையைக் கிழிக்காததற்கும், முன்பு யோசியா ஆடையைக் கிழித்துக்கொண்டதற்கும் ஒரே வினைச்சொல், காரா. தகப்பன் புத்தகத்தைக் கேட்டுத் துணியைக் கிழித்தான். மகன் புத்தகத்தையே கிழித்தான். தகப்பனுக்கு வாசித்தவர் சாப்பான். மகனிடம், இதைச் சுட்டெரிக்க வேண்டாம் என்று கெஞ்சிய மூன்று பேரில் ஒருவர் சாப்பானின் மகன் கெமரியா. இன்னொருவர் எல்நாத்தான். உரியாவை எகிப்திலிருந்து இழுத்து வந்த அதே எல்நாத்தான். நடுவில் அந்த மனிதனுக்குள் என்ன நடந்தது என்று வேதம் சொல்லவில்லை, நான் அந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாமல் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

ராஜா கேட்கவில்லை. எரேமியா இன்னொரு சுருள் எடுத்துப் பாருக்கிடம் கொடுத்தார். எரிந்ததெல்லாம் மறுபடி எழுதப்பட்டது. "இன்னும் அநேகம் வார்த்தைகளும்" சேர்க்கப்பட்டன. எரேமியா புத்தகத்தின் பழைய கிரேக்க வடிவம் எபிரேய வடிவத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சிறியது. சாக்கடல் குகைகளில் கிடைத்த சுருள்களில் இரண்டு வடிவத்துக்கும் துணுக்குகள் இருக்கின்றன. எரித்த பிறகும் அந்தப் புத்தகம் வெகுகாலம் வளர்ந்துகொண்டிருந்தது.

அப்பாவைப் பற்றி அம்மா சொன்ன ஒன்று இங்கே நினைவுக்கு வரும். அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு விதவைப் பெண்ணின் நிலவழக்குக்கு ஒரு பழைய கோப்பு தேவைப்பட்டது. மேலதிகாரி அப்பாவைக் கூப்பிட்டு, தேடிப் பார்த்தோம், கட்டு கிடைக்கவில்லை என்று எழுதிவிடும் என்றிருக்கிறார். அப்பா பதிவறைக்குள் போய் மூன்றாவது நாள் அந்தக் கட்டை எடுத்தார். பதிவேட்டில் வரிசை எண், பக்க எண்ணிக்கை, கட்டின் நிலை எல்லாவற்றையும் தன் கையெழுத்தில் எழுதிவிட்டுத்தான் மேசைக்குக் கொண்டுபோனார். பதிந்த பிறகு அதைக் காணாமற்போக்க முடியாது. ஆறு மாதத்தில் அவருக்குத் தூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. நானும் தங்கையும் பள்ளிக்கூடம் மாறினோம். ஏன் என்று அப்பா எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் மேடையேறிப் பேசுகிற ஆள் இல்லை. ஆமோஸ் மாதிரி ஒருவர் வந்து கத்தியிருந்தால், அப்பா அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்றிருப்பார். ஆனால் ஆமோஸின் கோப்பு அவர் கையில் இருந்தால் அது காணாமற்போயிருக்காது.

கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, யோயாக்கீமுக்குப் பின் வந்த ராஜாவையும் பிரபுக்களையும் கைவினைஞர்களையும் கொண்டுபோனான். மீதி இருந்தவர்களுக்குச் சிதேக்கியா ராஜா. அந்த நாட்களில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொன்னான். எரேமியா கழுத்தில் நுகம் போட்டுக்கொண்டு, பாபிலோனுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று சொல்லித் திரிந்தவர். அனனியாவுக்கு அவர் சொன்ன முதல் வார்த்தை ஆமென். கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். அவருக்கும் அது நடக்க வேண்டும் என்றுதான் ஆசை. அனனியா அவர் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தபோது பதில் பேசாமல் தன் வழியே போய்விட்டார். பிறகுதான் வார்த்தை வந்து திரும்புகிறார். சொன்னது நடந்தால்தான் மெய்யான தீர்க்கதரிசி என்று உபாகமம் ஒரு சோதனை சொல்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரு சாதாரண மனிதன் இரண்டு வருஷம் காத்திருந்தா முடிவு செய்ய முடியும்? இரண்டு பேரும் கர்த்தர் சொல்லுகிறார் என்றே தொடங்கினார்கள். கேட்கிறவனுக்கு அது எவ்வளவு கடினம் என்பதை மறந்துவிட்டு, அனனியாவைச் சுலபமாகத் திட்டிவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றும்.

அம்மாவின் காலண்டர் ஆணியில் இருந்த கடிதம் இந்தச் சூழலில் எழுதப்பட்டது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள் என்கிறது. நம் அட்டையில் அச்சாகும் வசனத்துக்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் ஏறக்குறைய எல்லாரும் பாபிலோனிலேயே சாவார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று எழுதினார். பிற்காலத்தில் எஸ்றாவுக்கு பாபிலோனிலிருந்து எருசலேம் வர நான்கு மாதம் ஆனது. அவ்வளவு தூரம் இந்தக் கடிதத்தைச் சுமந்தவர், ராஜாவின் தூதராகப் போன எலெயாசா. சாப்பானின் இன்னொரு மகன். அரசாங்கத் தபால் பையில் எரேமியாவின் கடிதமும் போனது.

அந்த வீட்டில் எல்லாரும் இப்படி என்று சொல்ல வரவில்லை. எசேக்கியேல் ஒரு தரிசனத்தில், ஆலயத்துக்குள் இருட்டில் சுவரில் வரைந்த உருவங்களுக்குத் தூபம் காட்டும் 70 மூப்பரைப் பார்க்கிறார். அவர்கள் நடுவில் நிற்பவன் சாப்பானின் மகன் யசனியா.

பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்ட காலத்தில் எரேமியாவை, யுத்தவீரரின் கைகளைத் தளரப்பண்ணுகிறான் என்று குற்றம் சாட்டித் தண்ணீரில்லாத துரவில் கயிறு கட்டி இறக்கினார்கள். சேற்றில் அமிழ்ந்தார். இந்த முறை காப்பாற்றியவர் அரண்மனையில் வேலை செய்த எத்தியோப்பியர், எபெத்மெலேக். ராஜாவிடம் போய் நேராகச் சொல்லி, 30 பேரைக் கூட்டிக்கொண்டு, முதலில் பொக்கிஷ அறையின் கீழிருந்து கிழிந்த பழந்துணிகளை எடுத்துக்கொண்டு வருகிறார். இவற்றை அக்குளில் வைத்து அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளும் என்கிறார். பசியில் ஊர் செத்துக்கொண்டிருக்கும்போது, கயிறு அறுக்குமே என்று பழந்துணி தேடிய மனிதர்.

கி.மு. 586-ல் எருசலேம் எரிந்தது. பாபிலோனியர் எரேமியாவை ஒப்படைத்தது, தேசத்துக்கு அதிபதியாக வைக்கப்பட்ட கெதலியாவிடம். அகீக்காமின் மகன், சாப்பானின் பேரன். சில மாதத்தில் மிஸ்பாவில் சாப்பாட்டு வேளையில் அவரைக் குத்திக் கொன்றார்கள். யூதர்கள் இன்றும் தங்கள் புத்தாண்டுப் பண்டிகை முடிந்ததும் கெதலியாவுக்காக ஒருநாள் உபவாசம் இருக்கிறார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

சாப்பான் என்ற எபிரேயச் சொல்லுக்குக் குழிமுசல் என்று பொருள். பாறை இடுக்குகளில் குடியிருக்கும் சின்னப் பிராணி. நீதிமொழிகளில் அது சத்துவமற்ற ஜெந்துவாயிருந்தும் தன் வீட்டைக் கன்மலையிலே தோண்டிவைக்கும் என்று வருகிறது. அப்பாவின் பைபிளில் அந்த வரிக்குக் கீழே பென்சில் கோடு இருக்கிறது. சாப்பானை நினைத்துப் போட்டதா, வேறெதற்காகவா, கேட்க ஆள் இல்லை.

எருசலேமில் தாவீதின் நகரம் என்று சொல்லப்படும் பகுதியில், 1982-ல் இகல் ஷீலோவின் குழு தோண்டிக்கொண்டிருந்தபோது, எரிந்து இடிந்த ஒரு வீட்டின் தரையில் 51 களிமண் முத்திரைகள் கிடைத்தன. சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். பாப்பிரஸ் தாளில் எழுதிச் சுருட்டி, நூல் சுற்றி, முடிச்சின்மேல் ஈரக்களிமண் வைத்து அமுக்குவது வழக்கம். வழக்கமாக அந்த மண் உதிர்ந்து போய்விடும். பாபிலோனியர் வைத்த தீ தாளையெல்லாம் சாம்பலாக்கி, மண்ணை மட்டும் செங்கல்லைப்போலச் சுட்டுவிட்டது. அவற்றில் ஒன்றில் இருக்கும் எழுத்து: சாப்பானின் மகன் கெமரியாவுக்குரியது. தன் அறையைத் திறந்துவிட்ட அந்தக் கெமரியாதான் அது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதே பகுதியில் பிற்பாடு எய்லத் மசாரின் அகழாய்வில் செலேமியாவின் மகன் யூகாலின் முத்திரையும் பஸ்கூரின் மகன் கெதலியாவின் முத்திரையும் கிடைத்தன. இரண்டு பேரும் எரேமியாவைத் துரவில் போட்ட கூட்டத்தில் பெயர் சொல்லப்பட்டவர்கள்.

கெமரியாவின் முத்திரையின் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். இரண்டு வரி எழுத்து, நடுவில் இரட்டைக் கோடு. இப்படிப்பட்ட முத்திரைகளின் பின்புறத்தில் நூல் பதிந்த பள்ளமும், தாளின் நார்கள் பதிந்த மெல்லிய வரிகளும் இருக்கும். அது மூடியிருந்த தாளில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாராலும் வாசிக்க முடியாது. நார்களின் வரிகள் மட்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன.